கரிப்புகையும் நகரச் சுகாதாரமும்: அல்சூரை முன்னிட்டு ஒரு விசாரணை

பெங்களூரின் காற்றைக் கெடுப்பவை எவை என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர் அளித்துள்ள விடையில் அடுப்புப் புகைக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறியது. டெரி என்று வழங்கும் எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் அளித்த கணக்கின்படி, இந்நகரில் வெளியாகும் பத்து மைக்ரானுக்குக் குறைந்த துகள்களில் ஏறக்குறைய 42 சதவீதம் வாகனங்களிலிருந்தும், 20 சதவீதம் சாலைப் புழுதியிலிருந்தும், கட்டட வேலைகளிலிருந்து 14 சதவீதமும், தொழிற்சாலைகளிலிருந்து 14 சதவீதமும், டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து 7 சதவீதமும் எழுகின்றன. அடுப்பெரிப்புக்கென்று எஞ்சுவது 3 சதவீதமே. இந்த விகிதங்களை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். ஏனெனில், புகை கக்கும் எரிபொருளைத் தடுத்துவிட்டால் பெங்களூரின் காற்று முழுவதும் தூய்மையாகிவிடும் என்று எவரேனும் சொன்னால், அது வாசகரை ஏமாற்றும் வார்த்தையாகும்.

ஆயினும், நகரம் முழுமைக்கும் எடுத்த சராசரியானது ஒரு தெருவில் நாள் முழுவதும் நின்று உழைப்பவனுடைய நுரையீரலைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லாது. பெங்களூரின் அல்சூரைப் போல, ஏரியையும் கோயிலையும் சந்தையையும் படைமுகாமையும் நெருக்கமாகத் தன்னுள் வைத்துக்கொண்டு நூறாண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்த ஒரு பேட்டையில், தந்தூரி அடுப்பு மூட்டும் உணவகமும், விறகடுப்பில் ரொட்டி சுடும் பேக்கரியும், கரிப்பெட்டியால் துணி தேய்க்கும் இஸ்திரி வண்டியும், அவற்றுக்கு மேலேயே குடியிருக்கும் குடும்பங்களும் ஒரே சந்தில் அமைந்துவிடுவது இயல்பு. உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகை மேலே சென்று காற்றில் கலந்து நீர்த்த பிறகே மனிதரை அடைகிறது. மார்பளவு உயரத்தில் எரியும் அடுப்பின் புகையோ, நீர்த்துப்போக அவகாசமின்றி, அடுப்புக்காரனுடைய மூச்சிலும் மாடிவீட்டுக் குழந்தையின் மூச்சிலும் நேரே சென்று சேர்கிறது. எடையில் குறைந்ததாயினும் தீங்கில் குறையாத இந்தப் புகையை நகரம் எவ்வாறு நீக்குவது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இதே கேள்வியைக் கல்கத்தாவும் லண்டனும் டப்ளினும் ஆக்ராவும் வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டிருக்கின்றன. அவற்றின் சரித்திரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தோன்றுவது ஒன்றே: புகைக்கும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சட்டம், எரிப்பவனுடைய அடுப்பைத் துரத்திக்கொண்டு போகும்போது தளர்ந்துவிடுகிறது, விற்கும் கிடங்கில் கை வைத்து, அதே சமயத்தில் அந்த எரிபொருளுக்கு ஈடான வேறொன்றை ஏழைக்கு எட்டும் விலையில் கொண்டுவந்து சேர்க்கும்போது வெற்றி பெறுகிறது.

புகையின் காரணம்

கரி ஏன் புகைகிறது என்பதை அறிந்தால்தான் எந்தக் கரியைத் தடுப்பது, எதை விடுப்பது என்பது விளங்கும். பூமியிலிருந்து தோண்டியெடுக்கும் நிலக்கரி வெறும் கார்பன் கட்டியன்று. அதனுள் தார், எண்ணெய், வாயுக்கள் முதலியனவாகச் சூட்டில் ஆவியாகிப் பிரியும் பொருள்கள் கலந்திருக்கின்றன. ஆந்த்ரசைட் என்னும் முதிர்ந்த கரியில் இவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; பிட்டுமினஸ் என்னும் சாதாரணக் கரியிலோ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரு பங்கு வரையிலும் உண்டு. மின்நிலையத்துக் கொதிகலனைப் போல மிகுந்த வெப்பமும் போதிய காற்றும் உள்ள இடத்தில் இந்த ஆவிகள் பெரும்பாலும் எரிந்தே போகும். சிறிய அடுப்பில், அதிலும் புதிய கரியை அள்ளிப் போட்டவுடன், அவை எரிவதற்கு முன்னரே தப்பி வெளியேறி, குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியும் கரும்புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகவும் மாறிவிடுகின்றன. புற்றுநோயை விளைவிக்கும் பென்சோபைரீன் என்ற பொருளும் இந்தத் தார்ப்புகையில்தான் இருக்கிறது. 2009-இல் வகுக்கப்பட்ட நமது தேசியக் காற்றுத் தரவிதிகளில் அதற்கும் ஒரு வரம்பு குறிக்கப்பட்டிருப்பது இதனாலேயே.

ஆகவே, ஆவியாகும் பொருள்களை முன்கூட்டியே நீக்கிவிட்ட எரிபொருள் புகையாது. கோக் என்பது அவ்வாறு நீக்கப்பட்ட நிலக்கரி. மரக்கரி என்பது அவ்வாறு நீக்கப்பட்ட விறகு. ஆனால், ஓரிடத்தில் நீக்கப்பட்ட புகை வேறோரிடத்தில் எழுந்தே தீர வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. நகரங்களில் விற்கும் மரக்கரியில் ஒரு பகுதி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, பல நாள் கனலவிட்டு எடுக்கப்படுவது. அந்த மூட்டத்தில் இட்ட விறகின் எடையில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் கரியாகத் திரும்பக் கிடைக்கிறது. எஞ்சியது அங்கேயே புகையாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது. நகரத்து இஸ்திரிப் பெட்டியில் புகையின்றிக் கனலும் கரிக்காக, கரிமூட்டத்தைக் காத்து நிற்கும் கிராமத்துக் கூலியாள் முன்னரே புகையைக் குடித்திருக்கிறார். மேலும், மரக்கரி புகையாதபோதும் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை வெளியிடுகிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது உயிருக்கே ஆபத்தானது.

நீர்வீழ்ச்சியின் உபகாரம்

பெங்களூர், இந்தியாவின் பெரிய நகரங்களுள், ஆலைப்புகையின் கொடுமையை மிகக் குறைவாக அனுபவித்த நகரம் என்று சொல்லலாம். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரையில் இரயில்பாதை போடப்பட்டபோது நீராவி எஞ்சினோடு அதன் புகையும் இந்த ஊருக்கு வந்தது. 1884-இல் தோன்றி, பிற்காலத்தில் பின்னி மில் என்று பிரசித்தி பெற்ற பஞ்சு, கம்பளி ஆலையைப் போன்ற தொழில்களும் தலையெடுத்தன. அந்நிலை தொடர்ந்திருந்தால் கல்கத்தாவின் வானமே பெங்களூருக்கும் வாய்த்திருக்கக்கூடும். ஆனால் திவான் சேஷாத்திரி ஐயரின் காலத்தில் திட்டமிடப்பட்டு, காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் அமைந்த நீர்மின்நிலையம், 1902-இல் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோலார் தங்கவயலுக்கும், 1905 ஆகஸ்டில் பெங்களூர் நகருக்கும் மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. தங்கச் சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம், விளக்குகளுக்கும் பின்னர் ஆலைகளுக்கும் கிடைத்ததனால், வங்காளத்தைப் போலன்றி, அருகில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாத மைசூர் இராஜ்யம், தூரதேசத்துக் கரியை வாங்கி எரிக்கும் நிர்ப்பந்தத்திலிருந்து பெருமளவு தப்பியது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, புகையை ஒழிப்பதற்கென்று ஒரு சட்டமும் அப்போது இயற்றப்படவில்லை என்பதே. கரியைவிட மலிவானதும் செளகரியமானதும் ஆன ஒரு சக்தி வாயிலுக்கு வந்து நின்றது. கரி தானாகவே பின்வாங்கியது. ஆனால் அந்த சக்தி ஆலைக்கும் விளக்குக்கும் வந்த வேகத்தில் அடுப்புக்கு வரவில்லை. அல்சூரிலும் அதைச் சூழ்ந்த கண்டோன்மென்ட் பேட்டைகளிலும், பட்டாளத்தைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அடுப்புகளில் விறகும் வறட்டியும் கரியுமே தலைமுறைகளாக எரிந்தன. 1949-இல் நகரமும் கண்டோன்மென்ட்டும் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தபோதும், அடுப்பின் விஷயம் அவரவர் வீட்டு விஷயமாகவே கருதப்பட்டது.

கல்கத்தா விட்டுவைத்த அடுப்பு

அடுப்பை வீட்டு விஷயமாகக் கருதி ஒதுக்கியதன் விளைவைக் கல்கத்தாவின் சரித்திரம் நன்கு காட்டுகிறது. இராணிகஞ்ச், ஜரியா சுரங்கங்களின் கரி மலிவாகக் கிடைத்த அந்நகரில், சணல் ஆலைகளும் நீராவிக் கப்பல்களும் எழுப்பிய புகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும் உபத்திரவமாகிவிட்டது. 1903-இல் வைசிராய் கர்சன் பிரபு வங்காள வர்த்தகர்களின் சபையில் இதைக் கடிந்து பேசினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து புகைத்தடுப்பில் வல்லவரான பிரெடரிக் குரோவர் வரவழைக்கப்பட்டு நிலைமையை ஆராய்ந்தார். அதன் விளைவாக 1905-இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் இயற்றப்பட்டது. அதைச் செயற்படுத்த ஓர் ஆணைக்குழுவும் ஏற்பட்டது. பம்பாயில் 1912-இல் இதே மாதிரியான சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் முறை கவனிக்கத்தக்கது. வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாகக் கோடிட்ட ரிங்கெல்மன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் புகை எவ்வளவு கருமையானது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று இன்ஸ்பெக்டர்கள் குறித்தார்கள்; உலைக்குக் கரி அள்ளிப் போடுபவர்களுக்குச் சிறிது சிறிதாகப் போடும் பழக்கம் போதிக்கப்பட்டது; வரம்பை மீறியவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. எண்ணிக்கையில் அடங்கிய ஆலைகளைக் கண்காணிக்க இது ஏற்ற முறையே. அந்த அளவில் அது பயனும் தந்தது. ஆனால் சுடலைத் தீயும் தனியார் வீடுகளின் சமையல் அடுப்பும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டன. குளிர்கால மாலைகளில், காற்று அசையாமல் தரையோடு படிந்து நிற்கும் நேரத்தில், இலட்சக்கணக்கான அடுப்புகள் ஒரே சமயத்தில் மூட்டப்பட்டபோது எழுந்த புகைமூட்டத்தை அது தொடவே இல்லை. 1929-இல் மென்கோக்கின் விற்பனையை வளர்ப்பதற்கென்றே ஒரு தீர்வைச் சட்டம் வந்து, விறகுக்கும் வறட்டிக்கும் பதிலாக அதை வீடுகளில் புகுத்தும் முயற்சியும் நடந்தது. ஆனால் மென்கோக்கோ பாதி மட்டுமே ஆவிநீக்கப்பட்ட கரியாதலால், மூட்டும் வேளையில் அதுவும் புகைந்தது. கல்கத்தாவின் மாலைப் புகை, சமையல் எரிவாயு பரவும் வரையில் பல பத்தாண்டுகள் நீடித்தது.

லண்டனும் டப்ளினும்

லண்டனில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதலாம் எட்வர்டு மன்னர் கரியெரிப்பைத் தடுத்துப் பார்த்தார், பயனில்லை. மாற்று ஏதும் இல்லாத இடத்தில் அரசகட்டளையும் வலுவிழந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரை மூடிய புகைப்பனி ஏறக்குறைய 4,000 பேரைக் கொன்றதாக அப்போது கணித்தார்கள். தொடர்ந்த மாதங்களின் மரணங்களையும் சேர்த்த பிற்கால ஆய்வு அதை ஏறத்தாழ 12,000 என்று உயர்த்தியது. சர் ஹியூ பீவர் தலைமையில் அமைந்த குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து வந்த 1956-ஆம் ஆண்டுச் சுத்தக் காற்றுச் சட்டம், கல்கத்தாச் சட்டம் விட்டுவைத்த வீட்டு அடுப்பையும் உள்ளே கொண்டுவந்தது. நகராட்சிகள் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை வகுத்து, அங்கே அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளை மட்டுமே அனுமதித்தன. அடுப்பை மாற்றியமைக்கும் செலவில் பத்தில் ஏழு பங்கை அரசும் நகராட்சியும் ஏற்றன. பிரஜையின் வீட்டுக்குள் நுழைந்து கட்டளையிட்ட சட்டம், அந்தக் கட்டளையின் செலவையும் பெரும்பாலும் தானே சுமந்தது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். ஆனால் தெருத் தெருவாக அறிவித்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

டப்ளின் நகரம் வேறொரு வழியைக் கண்டது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அயர்லாந்தில் வீடுகளைச் சூடாக்க மக்கள் நிலக்கரிக்குத் திரும்பினார்கள். 1980-களின் குளிர்காலங்களில் அந்நகரம் கரும்புகையில் மூழ்கியது. 1987-இல் இயற்றிய காற்று மாசுச் சட்டம் லண்டனைப் போலப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்த இடமளித்தது. அது தாமதமும் செலவும் மிகுந்தது என்று கண்டபின், அப்போதைய இணையமைச்சர் மேரி ஹார்னியின் முயற்சியால் 1990 செப்டம்பர் 1 முதல் டப்ளினில் பிட்டுமினஸ் கரியைச் சந்தைப்படுத்துவதும் விற்பதும் விநியோகிப்பதும் தடுக்கப்பட்டன. எந்த இன்ஸ்பெக்டரும் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. எண்ணத்தக்க அளவிலிருந்த வியாபாரிகளின் கிடங்குகளே கண்காணிக்கப்பட்டன. புகையில்லாத கரி கடைகளில் கிடைத்தது. வசதியற்ற குடும்பங்களுக்கு அதை வாங்குவதற்கெனத் தனி உதவித்தொகையும் அளிக்கப்பட்டது.

பலனை அளந்தவர்கள் அளித்த கணக்கு உலகப் பிரசித்தமானது. கிளான்சியும் அவருடைய தோழர்களும் 2002-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், தடைக்கு முந்திய ஆறு ஆண்டுகளையும் பிந்திய ஆறு ஆண்டுகளையும் ஒப்பிட்டு, காற்றிலுள்ள கரும்புகை கன மீட்டருக்குச் சராசரியாக 35.6 மைக்ரோகிராம், அதாவது 70 சதவீதம், குறைந்ததென்றும், சுவாச நோய் மரணங்கள் 15.5 சதவீதமும் இருதய, இரத்தக்குழாய் நோய் மரணங்கள் 10.3 சதவீதமும் குறைந்தனவென்றும் காட்டினார்கள். பின்னர் 2013-இல், டாக்கரி முதலியோர் இதே நகரத்தையும் அயர்லாந்தின் பிற நகரங்களையும் சேர்த்து, நாடு முழுவதும் ஏற்கெனவே குறைந்துவந்த மரணவிகிதத்தைக் கழித்துக் கணக்கிட்டபோது, சுவாச நோய் மரணங்களின் குறைவு உறுதிப்பட்டது. இருதய நோயைப் பற்றிய முடிவு நிற்கவில்லை. ஒரு நற்செயலின் பலனை அதன் ஆதரவாளர்களே மறுபடியும் நிறுத்துப் பார்த்து, நிலைத்ததை மட்டும் வைத்துக்கொள்வது விஞ்ஞானத்தின் தர்மம். நிலைத்த பகுதியே போதிய நியாயமாகும்: புகை நீங்கிற்று, நுரையீரல் பிழைத்தது. கார்க் நகரத்துக்கு 1995-லும், மேலும் பல நகரங்களுக்கு 1998-லும் இத்தடை விரிவாக்கப்பட்டது.

நெய்வேலியின் ஒரு முயற்சி

மாற்று எரிபொருளை உண்டாக்கித் தருவது அரசின் கடமை என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1956-இல் தோன்றிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஆதித் திட்டத்தில், சுரங்கம், அனல்மின்நிலையம், உரத் தொழிற்சாலை ஆகியவற்றோடு, பழுப்புக் கரியிலிருந்து வீட்டு எரிபொருள் செய்யும் ஆலை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. தோண்டியெடுக்கும்போது ஏறக்குறையப் பாதி எடை நீராகவே இருக்கும் அந்தக் கரியை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புகாத உலையில் சூடேற்றித் தாரையும் ஆவிகளையும் பிரித்தெடுத்தபின் கிடைத்த புகையில்லாத கரிக்கட்டி, லெக்கோ என்ற பெயரில் தமிழ்நாட்டின் நகரங்களில் வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் விற்கப்பட்டது. பிரிந்த தாரும் கார்பாலிக் அமிலமும் வீணாகாமல் துணைப்பொருள்களாயின. புகையை ஆலையிலேயே பிடித்து நிறுத்தி, நகரத்துக்குத் தூய கனலை மட்டும் அனுப்பும் இந்த யோசனை, டப்ளின் தடைக்குக் கால் நூற்றாண்டுக்கு முந்தியது. மண்ணெண்ணெயும் பின்னர் எரிவாயு உருளையும் பரவியபோது லெக்கோ தன் இடத்தை இழந்தது. ஆலையும் காலப்போக்கில் மூடப்பட்டது. எரிபொருளைத் தூய்மையாக்கி விற்க நம்மால் முடியும் என்பதை அது மெய்ப்பித்தது; அதைவிடச் செளகரியமான ஒன்று கிடைத்தால் மக்கள் கட்டளைக்குக் காத்திராமல் மாறுவார்கள் என்பதை அதன் முடிவு மெய்ப்பித்தது.

நீதிமன்றங்களின் வழி

சுதந்திர இந்தியாவில் கரித்தடையின் முதற்பெரும் நிகழ்ச்சி ஆக்ராவில் நடந்தது. தாஜ்மகாலைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள தொழிற்சாலைகளின் புகை பளிங்கைக் கெடுக்கிறதென்று எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், 292 தொழிற்சாலைகள் கோக்கையும் கரியையும் விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், மாற இயலாதவை 1997 டிசம்பர் 31-க்குப் பின் அப்பகுதியில் அவற்றை எரிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. இடம் பெயரும் ஆலைகளின் தொழிலாளர், ஆலை மூடியிருக்கும் இடைக்காலத்துக்கும் முழுச் சம்பளம் பெற வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது அதன் சிறப்பு. எரிவாயுக் குழாய் வருவதற்கும் தடை விழுவதற்கும் ஒரே கால அட்டவணை வகுக்கப்பட்டது.

தில்லியில், 2016-இல் வெளியான கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு, ஏறக்குறைய 9,000 உணவகங்கள் பெரும்பாலும் தந்தூரிகளில் நிலக்கரி எரிப்பதாகக் கணக்கிட்டு, மின்சாரத்துக்கோ வாயுவுக்கோ மாறும்படி சொல்லிற்று. காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2023 ஜனவரி 1 முதல் தலைநகரப் பிரதேசம் முழுவதிலும், அனல்மின்நிலையங்கள் நீங்கலாக, தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ வீட்டுக்கோ நிலக்கரியை உபயோகிப்பதைத் தடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டுமென்று உத்தரவிட்டது. இவற்றின் நோக்கத்தில் குற்றம் காண இடமில்லை. ஆனால் பெரிய ஆலைக்கு ஏற்ற கட்டளையைச் சிறிய அடுப்புக்கு இடும்போது, மாறுவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தீர்க்காமல் விட்டால், கல்கத்தாவின் பழைய அனுபவமே மீண்டும் நேரக்கூடும்.

கையிலிருக்கும் சட்டம்

பெங்களூருக்கு இவ்விஷயத்தில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை என்பது பலர் அறியாத செய்தி. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாநில அரசு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்து ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கவும், அங்கே அங்கீகரிக்கப்படாத எந்த எரிபொருளின் உபயோகத்தையும் அறிவிக்கையால் தடுக்கவும், அங்கீகரிக்கப்பட்ட சாதனங்களை மட்டுமே பயன்படுத்தும்படி கட்டளையிடவும் அதிகாரம் அளிக்கிறது. லண்டன் சட்டத்தின் கருத்து இதில் தெளிவாகத் தெரிகிறது. அதன் குறையும் கூடவே வந்திருக்கிறது. பிரிவு சொல்வது உபயோகத்தை, விற்பனையை அன்று. ஆகவே, அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு அடுப்பின் முன்பும் ஓர் அதிகாரியை நிறுத்த வேண்டியிருக்கும். அது ஆகாத காரியம் என்பதோடு, அன்றாடம் உழைத்துண்ணும் சிறு வியாபாரியை அதிகாரியின் தயவுக்கு உட்படுத்தும் தீமையும் அதில் உண்டு.

இக்குறையை நிரப்ப மாநகராட்சியின் தொழில் உரிமம் உதவும். உணவகமும் பேக்கரியும் உரிமம் பெற்றே நடக்கின்றன; கரியும் விறகும் மொத்தமாக விற்கும் மண்டிகளையும் அவ்வாறே உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்து, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப்பின் புகைக்கும் கரியை நகர எல்லைக்குள் விற்பதில்லை என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கினால், டப்ளினில் நடந்தது இங்கும் நடக்கும். ஆயிரக்கணக்கான அடுப்புகளைவிடச் சில மண்டிகளைக் கண்காணிப்பது எளிது. அங்கே நடப்பது கணக்குப் புத்தகத்தில் பதிவாவதால் அநியாயத்துக்கும் இடம் குறைவு.

அல்சூரில் செய்யத்தக்கது

அல்சூரில் எரியும் அடுப்புகள் ஒரே வகையின அல்ல. அவற்றுக்கு ஒரே பரிகாரமும் இல்லை. உணவகத்துத் தந்தூரி அடுப்பை வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றினால் உணவின் சுவை போய்விடும் என்ற வாதம் அடிக்கடி கேட்கப்படுகிறது. மண்சுவர் சூடேறி வெளியிடும் கடும் வெப்பமும், இறைச்சியிலிருந்து ஒழுகும் கொழுப்பு அனலில் பட்டு எழும் ஆவியுமே அந்தச் சுவைக்குப் பெரும்பாலும் காரணம். அவை வாயுவால் சூடேறும் மண்ணடுப்பிலும் உண்டாகும். 2013-இல் தாபோலிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வந்து சேர்ந்தபின், நகரின் பல பகுதிகளில் குழாய்வழி வாயு பரவி வருகிறது. குழாய் செல்லும் தெருக்களில் உணவகங்களுக்கு முதலிடம் அளித்து இணைப்பு வழங்கி, அதன்பின் உரிமம் புதுப்பிக்கும் வேளையில் மாறும்படி கேட்பதே முறை.

பேக்கரியின் நிலை சற்றுக் கடினமானது. அதன் விறகடுப்பு கட்டடத்தோடு கட்டடமாக அமைந்தது. அதை இடித்து மின்னடுப்பு வைக்க மூலதனமும், வேலை நின்றுபோகும் சில வாரங்களுக்கு வருமானமும் வேண்டும். இதற்கு லண்டனின் பத்தில் ஏழு என்ற உதாரணம் நம் முன் இருக்கிறது. குறைந்த வட்டியில் கடனும், செலவின் ஒரு பகுதிக்கு மானியமும் இன்றி இவர்களைத் தடைக்கு உட்படுத்துவது, நகரத்தின் பொது நன்மைக்கான செலவை நகரத்தின் ஒரு சிறு வகுப்பார் மட்டும் சுமக்கச் செய்வதாகும்.

இஸ்திரிக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலக்கரியை எரிப்பவர் அவரல்லர், மரக்கரியையே எரிக்கிறார். தடை அவரிடமிருந்து தொடங்கலாகாது. ஆனால் மாற்றம் அவரிடமிருந்து தொடங்கலாம். காலையில் கரியை மூட்டிக் கனலாக்கும் நேரம், கனல் தணிந்து சூடு மாறுவது, பொறி பறந்து துணி கெடுவது, சாம்பல், கரியின் ஏறும் விலை ஆகிய எல்லாமே அவருடைய தொழிலின் கஷ்டங்கள். வாயுவால் இயங்கும் இஸ்திரிப் பெட்டிகள் பெங்களூரில் சில ஆண்டுகளாகப் பரவி வருகின்றன. அவற்றை ஏற்றவர்கள் எந்த உத்தரவுக்கும் பயந்து ஏற்கவில்லை, வேலை சுலபமாகிறது என்பதனால் ஏற்றார்கள். இங்கே தடை எழுப்புவது விலையும் ஆவணமும். நிரந்தர முகவரி இல்லாத உழைப்பாளிகளுக்காகவே, முகவரிச் சான்று கேளாமல் ஐந்து கிலோ எரிவாயு உருளை விற்கும் ஏற்பாடு 2013 அக்டோபரில் இந்நாட்டில் தொடங்கியது. ஆனால் அதன் விலை, எடைக்கு எடை வீட்டு உருளையின் விலையைவிட உயர்ந்தது. பெட்டியின் முதல் விலையை மாநகராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ ஏற்று, சிறு உருளையின் விலையையும் இத்தொழிலாளர்க்கு மட்டுமாவது தாழ்த்திக் கொடுத்தால், அல்சூரின் மரநிழல்களில் கரிப்பெட்டியை யாரும் தடுக்க வேண்டிய தேவையே இராது.

மின்சாரத்துக்கு மாறினால் புகை ராய்ச்சூரின் அனல்மின்நிலையத்துக்குத்தானே இடம் மாறுகிறது என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஆட்சேபம் நியாயமானது, இராமநாதபுரத்துக் கரிமூட்டத்தைப் பற்றி நாம் முன்னர்க் கண்டதும் இதையே ஒத்தது. ஆயினும், பெரிய கொதிகலனில் கரி ஏறக்குறைய முற்றிலும் எரிகிறது. அதன் சாம்பல் துகள்களை மின்வீழ்படிவுக் கருவிகள் பெரும்பாலும் பிடித்து நிறுத்துகின்றன. மிச்சமும் உயர்ந்த புகைபோக்கிவழி வெளியேறுகிறது. சந்திலுள்ள அடுப்புக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. அத்துடன், நீரும் காற்றும் சூரியனும் தரும் மின்சாரத்தின் பங்கு வளரும்தோறும் மின்னடுப்பு தானே மேலும் தூயதாகும். கரியடுப்புக்கு அத்தகைய எதிர்காலம் இல்லை.

கடைசியாக, அளவீடு. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வகுத்த வரம்பின்படி, 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. நமது தேசிய வரம்பு 40. பெங்களூரின் அண்மைக் கால அளவு ஏறக்குறைய 30-ஐ ஒட்டி நிற்பதனால், நம் வரம்பின்படி தேறியும் உலக வரம்பின்படி ஆறு மடங்கு மிகுந்தும் இருக்கிறது. இந்த இடைநிலையில் இருக்கும் நகரத்துக்கு அலட்சியம் எளிதாக வந்துவிடும். எனவே, அல்சூரில் எரிபொருள் மாற்றத்தைத் தொடங்கும் முன்னரே, அடுப்புகள் நெருங்கிய தெருக்களில் மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் அளவுக்கருவிகள் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும், மாறாத வேறொரு பேட்டையோடு ஒப்பிட்டும் கணக்கெடுக்க வேண்டும். டப்ளினின் முடிவுகளுள் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை உலகம் அறிந்துகொண்டது அத்தகைய ஒப்பீட்டினாலேயே.

கரியைத் தடுத்தாலும் பெங்களூரின் பெரும்பாவமாகிய வாகனப் புகையும் சாலைப் புழுதியும் நீங்கிவிடா. அவற்றுக்கான போராட்டம் நீண்டது, செலவு மிக்கது, பல அரசுத் துறைகளின் ஒத்துழைப்பை வேண்டுவது. அடுப்புப் புகையோ இன்றே தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய காரியம். அதற்கு வேண்டிய சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கிறது. வேண்டிய எரிபொருள் ஊருக்குள் வந்துவிட்டது. வேண்டிய அனுபவம் கல்கத்தாவின் தோல்வியிலும் டப்ளினின் வெற்றியிலும் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் மாற்று எரிபொருளை அடுப்புக்காரரிடம் சேர்ப்பது, அதன்பின் விற்பனையைத் தடுப்பது, தொடக்கம் முதல் இறுதி வரை அளப்பது என்ற இந்த வரிசையை மாற்றாமல் காத்தால், தடையின் சுமை ஏழையின்மேல் விழாது. அதன் பலனோ முதலில் அவனுக்கே கிடைக்கும். நாள் முழுவதும் அனலின் முன் நிற்பவனுடைய மூச்சைக் காக்காத எந்தக் காற்றுத் திட்டத்தையும் நகரச் சுகாதாரம் என்று சொல்வது பொருந்தாது.